மருத்துவமனையிலிருந்து முதியவரை வீட்டுக்கு அழைத்து வருமுன்: ரெயூனியோனுக்குப் புதிதாக வந்த தமிழ்க் குடும்பங்களுக்கு

2024 அக்டோபரில், தொடை எலும்பு முறிவுக்கான அறுவை சிகிச்சை முடிந்து பதினோராம் நாள், என் மாமியாரை வீட்டுக்கு அனுப்பினார்கள். வெள்ளிக்கிழமை, மாலை நான்கரை மணி. கையில் கொடுத்த பிளாஸ்டிக் பையில் அவருடைய செருப்பும் எக்ஸ்ரே படங்களும் மடித்த நான்கு தாள்களும் இருந்தன. அவருடைய அறை எங்கள் வீட்டின் மாடியில் இருக்கிறது. மருத்துவக் கட்டில் வந்திருக்கவில்லை. மறுநாள் காலை ஊசி போட வேண்டிய செவிலியர் யார் என்பதே யாருக்கும் தெரியவில்லை. முதல் மூன்று இரவுகள் அவரைக் கூடத்து சோபாவில் படுக்க வைத்தோம். நான்காம் நாள் இடுப்புக்குக் கீழே தோல் சிவந்தது. இரண்டாம் வாரத்தில் அது படுக்கைப்புண் ஆயிற்று. எலும்பு கூடியதைவிட அந்தப் புண் ஆறுவதற்குத்தான் அதிக நாள் பிடித்தது.

இந்தத் தீவில் பிரான்சின் சட்டமும் காப்பீட்டு முறையும்தான் நடைமுறையில் உள்ளன. வீடு திரும்பும் நோயாளிக்கு வேண்டிய உதவிகள் ஏறக்குறைய எல்லாமே அவற்றில் இருக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றையும் ஒரு குறிப்பிட்ட நாளுக்கு முன்னால், ஒரு குறிப்பிட்ட ஆளிடம், ஒரு குறிப்பிட்ட தாளோடு கேட்க வேண்டும். புதுச்சேரியிலிருந்தோ காரைக்காலிலிருந்தோ வந்து பெற்றோரை உடன் வைத்திருப்பவர்களுக்காக, நாங்கள் தடுமாறிக் கற்ற வரிசையிலேயே அவற்றை எழுதுகிறேன்.

1. சேர்த்த மறுநாளே சமூகப் பணியாளரைக் கேளுங்கள்

மருத்துவமனைகளில் "அசிஸ்தாந்த் சொசியால்" எனப்படும் சமூகப் பணியாளர் இருப்பார். அவர் தாமாக வந்து உங்களைத் தேடுவார் என்று காத்திருக்காதீர்கள். வார்டின் தலைமைச் செவிலியரிடம், "வீடு திரும்புவதை ஏற்பாடு செய்ய அசிஸ்தாந்த் சொசியாலைப் பார்க்க வேண்டும்" என்று சேர்த்த மறுநாளே சொல்லுங்கள். யாரிடம், எந்தத் தேதியில் சொன்னீர்கள் என்பதைக் குறித்து வையுங்கள். வீட்டுக்கு அனுப்பும் தேதி முடிவான பிறகு கேட்டால், அவருக்குக் கிடைப்பது ஒன்றரை நாள்தான். கட்டில் வருவதற்கே அது போதாது.

அதே நாளில் இன்னொன்றையும் செய்துவிடுங்கள். நோயாளி தம்முடைய "பெர்சோன் தெ கோன்ஃபியான்ஸ்", அதாவது நம்பிக்கைக்குரியவர், யார் என்பதை எழுத்தில் குறிப்பிடலாம். 2002 மார்ச் 4 தேதியிட்ட சட்டம் தரும் உரிமை இது. நோயாளியும் நீங்களும் கையெழுத்திட்டால் போதும், செலவில்லை. பிரெஞ்சோ கிரெயோலோ பேசாத ஒரு முதியவருக்கு இந்தத் தாள் மிக அவசியம்; இது இருந்தால் மருத்துவர் பேச வரும்போது நீங்கள் உடனிருக்கலாம், நோயாளியின் விருப்பத்தை எடுத்துச் சொல்லலாம்.

2. "வீட்டில் நாங்கள் எல்லோரும் இருக்கிறோம்" என்று சொல்லாதீர்கள்

எங்கள் தொல்லை முழுவதும் இந்த ஒரு வாக்கியத்திலிருந்து பிறந்தது. மூன்றாம் நாள் காலை மருத்துவர் வந்து, வீட்டில் கவனித்துக்கொள்ள ஆள் உண்டா என்று கேட்டார். என் கணவர், எந்தத் தமிழ் மகனும் சொல்வதைப் போல, "இதென்ன கேள்வி, நாங்கள் எல்லோரும் இருக்கிறோம்" என்றார். அம்மாவை அந்நியர் குளிப்பாட்டுவதா என்கிற எண்ணமும் அந்தப் பதிலுக்குள் இருந்தது. மருத்துவக் கோப்பின் நகலைப் பிற்பாடு வாங்கிப் பார்த்தபோது, அன்றைய தேதியில் "குடும்பம் உடன் இருக்கிறது" என்று ஒரே ஒரு வரி இருந்தது. அதற்குப் பிறகு வீட்டு உதவி பற்றி யாரும் எதுவும் எழுதவில்லை. எழுத வேண்டிய காரணமே அவர்களுக்கு இல்லாமல் போய்விட்டது.

என் கணவருக்கு இரவுப் பணி. நான் மாலை ஐந்தரைக்குத்தான் வீடு திரும்புகிறேன். பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறவர்கள். நாங்கள் "எல்லோரும் இருந்தது" இரவு உணவு நேரத்தில் மட்டும்தான். அதனால், பாசத்தைப் பதிலாகச் சொல்லாமல் நேரக் கணக்கைச் சொல்லுங்கள்: "காலை ஏழு முதல் மாலை ஐந்தரை வரை விழித்திருக்கும் பெரியவர் யாரும் வீட்டில் இல்லை. அவருடைய அறைக்குப் பதினான்கு படிகள் ஏற வேண்டும். கழிப்பறைக்குத் தனியாக அவரால் போக முடியாது. இரவில் இருமுறை எழுப்பிவிட வேண்டும்." இதை ஒரு தாளில் பிரெஞ்சில் எழுதி, தேதியிட்டு, கோப்பில் சேர்க்கச் சொல்லிக் கொடுங்கள். உதவி கேட்பது பெற்றோரைக் கைவிடுவதாகும் என்று உறவினர்கள் சொன்னால், இரவு மூன்று மணிக்கு அவர்களை வரச் சொல்லுங்கள்.

3. தாள்களை ஒரே உறையில் சேருங்கள்

நோயாளியின் "கார்த் வித்தால்" எனப்படும் மருத்துவக் காப்பீட்டு அட்டை, சமூகக் காப்பீட்டு உரிமைச் சான்று, "முய்த்துயேல்" எனப்படும் துணைக் காப்பீட்டு அட்டை, அடையாள அட்டை அல்லது செல்லத்தக்க வசிப்பு அனுமதி, கடைசி வருமான வரி அறிவிப்பு, வங்கிக் கணக்குத் தாளான "ரிப்", முகவரிக்கான மின்கட்டண ரசீது, ஓய்வூதியம் பெறுபவராயின் அதற்கான சான்று. ஒவ்வொன்றிலும் மூன்று நகல்கள் வைத்திருங்கள்.

நம்மவர்களுக்கென்றே உள்ள பொறி பெயரில் இருக்கிறது. இந்தியத் தாளில் தந்தையின் பெயர் முன்னெழுத்தாக நிற்கும். பிரெஞ்சுத் தாளில் அது குடும்பப் பெயராக விரியும். கணவர் பெயர் மூன்றாவது இடத்தில் வந்து உட்காரும். என் மாமியாரின் பெயர் மூன்று தாள்களில் மூன்று விதமாக இருந்ததால் ஒரு விண்ணப்பம் திரும்பி வந்தது. பிறப்புச் சான்று தமிழிலோ ஆங்கிலத்திலோ இருந்தால், பதிவுபெற்ற மொழிபெயர்ப்பாளரின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பை நோய் வருமுன்னரே எடுத்து வைத்துவிடுங்கள்.

பெற்றோர் குறுகிய கால விசாவில் வந்திருப்பவர்களானால், கீழே நான் எழுதும் உதவித்தொகைகள் பெரும்பாலும் அவர்களுக்குக் கிட்டாது. பயணக் காப்பீட்டு நிறுவனத்தின் உதவி எண்ணை, சேர்த்த அன்றே அழைத்து, வீடு திரும்பிய பிறகான செலவுக்கும் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள்.

4. ஒர்தொனான்ஸ்களை முந்தைய நாளே கேட்டு வாங்குங்கள்

"ஒர்தொனான்ஸ்" எனப்படும் மருத்துவரின் எழுத்துச்சீட்டு இல்லாமல் இங்கே எதுவும் நகராது. மருந்துக்கு ஒன்று எழுதிக் கொடுத்தால் எல்லாம் ஆயிற்று என்று நாங்கள் நினைத்தோம். உண்மையில் மருந்து, செவிலியர் பணி, இயன்முறைப் பயிற்சியாளரான "கினே", கட்டில் முதலிய கருவிகள், இரத்தப் பரிசோதனை, ஆம்புலன்ஸ் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சீட்டு வேண்டும். எங்களுக்குக் கிடைத்த நான்கு தாள்களில் கருவிகளுக்கான சீட்டு இல்லை; திங்கட்கிழமை அதற்காகவே நான் மருத்துவமனைக்குத் திரும்பிப் போய், ஒரு தாளுக்காக இரண்டரை மணி நேரம் காத்திருந்தேன்.

சீட்டில் உள்ள சொற்களையும் படியுங்கள். செவிலியர் சீட்டில் "வீட்டில்" என்றும், "ஞாயிறு மற்றும் விடுமுறை நாட்கள் உட்பட" என்றும் எழுதியிருக்க வேண்டும். இரண்டாவது சொற்றொடர் இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமைக்கான கூடுதல் கட்டணத்தைக் காப்பீட்டிலிருந்து பெற அவருக்கு வழியில்லை. உடம்பு துடைத்துவிடவும் ஆள் வேண்டுமென்றால், ஊசியோடு நிறுத்தாமல் அதையும் எழுதச் சொல்லுங்கள். கருவிச் சீட்டில் மருத்துவக் கட்டில், படுக்கைப்புண் தடுக்கும் மெத்தை, நடைச்சட்டம், கழிப்பறை நாற்காலி ஆகிய நான்கும் இருக்கின்றனவா என்று பாருங்கள். எங்களுக்கு மெத்தை எழுதப்படவில்லை. எழுதியிருந்தால் இந்தக் கட்டுரையில் பாதி இருந்திருக்காது.

ஆம்புலன்ஸுக்கான சீட்டு பயணத்துக்கு முன் எழுதப்பட்டிருக்க வேண்டும். "இப்போது காரில் கூட்டிப்போங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்பதை ஏற்காதீர்கள். சலாசி, சிலாவோஸ் போன்ற மலைப்பகுதிகளில் வசிப்பவர்கள் வண்டியை முந்தைய நாளே உறுதி செய்வது நல்லது. வளைவுகள் நிறைந்த அந்தப் பாதையில், புதிதாகத் தைத்த இடுப்போடு காரின் பின்னிருக்கையில் யாரும் உட்கார்ந்து வர முடியாது.

5. வீட்டுக்கு வந்து யார் பார்ப்பார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

மூன்று ஏற்பாடுகள் உண்டு, பெயர்கள் குழப்பும். முதலாவது, தனியாகத் தொழில் செய்யும் செவிலியர். ஊசி, கட்டு, உடல் தூய்மை ஆகியவற்றுக்கு வருவார். காப்பீடு 60 விழுக்காடு தரும். மிச்சத்தை முய்த்துயேல் ஏற்கும். நீண்டகால நோய்ப் பட்டியலில் உள்ள நோய்க்கான சிகிச்சையாயின் காப்பீடே 100 விழுக்காடு தரும். யாரை அழைப்பது என்பது உங்கள் உரிமை. நான் பதினொரு எண்களை அழைத்த பிறகே ஒருவர் கிடைத்தார், அதுவும் எங்கள் தெருவுக்கு ஏற்கெனவே வந்துகொண்டிருந்தவர் என்பதால். அக்கம்பக்கத்தில் எந்தச் செவிலியரின் கார் காலையில் நிற்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

இரண்டாவது, "சியாத்". 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு உடல் தூய்மை முதலான பராமரிப்பைச் செய்யும் குழு இது. மருத்துவச் சீட்டு வேண்டும், செலவைக் காப்பீடு முழுவதும் ஏற்கிறது. இடம் கிடைக்கக் காத்திருக்க வேண்டியிருக்கும் என்பதால் பெயரை முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். மூன்றாவது, "ஆஷ்-ஆ-தே", அதாவது வீட்டிலேயே மருத்துவமனை. சிக்கலான கட்டு, நரம்பு வழி மருந்து போன்ற கனமான சிகிச்சை தேவைப்படுபவர்களுக்கு உரியது. மருந்தும் கருவியும் அவர்களே கொண்டு வருவார்கள், இரவிலும் அழைக்கலாம். இதற்கும் மருத்துவர்தான் எழுத வேண்டும்.

வீட்டுக்கு அனுப்புவது சரியல்ல என்று உங்களுக்குத் தோன்றினால், "எஸ்-எம்-எர்" எனப்படும் மறுவாழ்வுச் சிகிச்சை நிலையத்தில் சில வாரங்கள் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். ஒரே நிலையத்துக்கு அல்லாமல் பலவற்றுக்கு ஒரே நேரத்தில் கோரிக்கை அனுப்பச் சொல்லுங்கள். நாங்கள் இதைக் கேட்கவே இல்லை. இப்படி ஒன்று இருப்பதே அப்போது எங்களுக்குத் தெரியாது.

6. உதவித்தொகைக்கு மருத்துவமனைப் படுக்கையிலிருந்தே விண்ணப்பியுங்கள்

முக்கியமானது "ஆபா" என்கிற உதவித்தொகை. "அப்பா" என்று காதில் விழுந்து என் மாமியார் முதல்முறை திடுக்கிட்டார். 60 வயது நிரம்பி, அன்றாட வேலைகளைத் தனியே செய்ய முடியாதவர்களுக்குத் "தெபர்த்மான்" எனப்படும் மாவட்ட நிர்வாகம் தருவது இது. முடியாமையை "ஜிர்" என்ற ஆறு படிகளில் அளப்பார்கள். 1 மிகக் கடுமையானது, 6 தன்னிச்சையாக இயங்குபவர். 1 முதல் 4 வரை உள்ளவர்களுக்கே ஆபா உண்டு. 2024-இல் ஜிர் 1-க்கான உச்சவரம்பு மாதம் 1955.60 யூரோ, ஜிர் 4-க்கு 762.87 யூரோ. வருமானத்துக்கேற்ப ஒரு பங்கை நாம் ஏற்க வேண்டியிருக்கும். ஊரில் பலர் அஞ்சுவதுபோல, முதியவர் இறந்த பிறகு இந்தப் பணத்தை அவருடைய சொத்திலிருந்து திரும்பப் பிடிக்க மாட்டார்கள்.

முழுமையான விண்ணப்பம் சேர்ந்ததிலிருந்து முடிவு சொல்ல நிர்வாகத்துக்கு இரண்டு மாத அவகாசம் உண்டு. முடிவு அறிவிக்கப்பட்ட நாளிலிருந்துதான் பணம் தொடங்கும். அதற்கு முன் நீங்கள் கையிலிருந்து செலவழித்தது திரும்பாது. எனவே ஒவ்வொரு வாரத் தாமதமும் உங்கள் செலவு. இதற்கு மாற்றாக "அவசர ஆபா" என்று ஒன்று இருக்கிறது: ஜிர் 1 உச்சவரம்பில் பாதி, அதாவது அந்த ஆண்டில் 977.80 யூரோ, முழு முடிவு வரும்வரை தற்காலிகமாகத் தருவார்கள். இதை அசிஸ்தாந்த் சொசியாலிடம் பெயர் சொல்லிக் கேளுங்கள். பெயர் சொல்லாததால் நாங்கள் இழந்தோம்.

ஜிர் 5, 6 என்று வரக்கூடியவர்களுக்கு, அவர்களுடைய ஓய்வூதிய நிதியம் மருத்துவமனைக்குப் பிந்தைய வீட்டு உதவி தரலாம். தனியார் துறைப் பொது ஓய்வூதியத்தில் இது அதிகபட்சம் மூன்று மாதங்களுக்கு, 1800 யூரோ வரம்புக்குள். வீடு திரும்புமுன் மருத்துவமனை வழியாகக் கேட்க வேண்டும். கணவரின் இராணுவ ஓய்வூதியத்தில் பங்கு பெறும் நம் ஊர்க் கைம்பெண்கள், தமக்குப் பணம் தரும் நிதியம் எதுவோ அதைத் தனியே விசாரிக்க வேண்டும். முய்த்துயேல் ஒப்பந்தத்தையும் எடுத்துப் படியுங்கள். அறுவை சிகிச்சைக்குப் பின் சில மணி நேர வீட்டு உதவி பலவற்றில் இருக்கும், ஆனால் கேட்பதற்கான நாட்கள் குறைவு.

ஆபா பணத்தில் ஓர் உறவினரையே சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளலாம்; வாழ்க்கைத் துணை மட்டும் கூடாது. வேலைக்குப் போகும் மகனோ மகளோ பராமரிப்பு விடுப்பும் எடுக்கலாம். வழக்கமாக ஒரு மாதம் முன்னதாகச் சொல்ல வேண்டும். நோயாளியின் நிலை திடீரென மோசமானதற்கு மருத்துவச் சான்று இருந்தால் உடனே தொடங்கலாம்.

7. மதிப்பீட்டுக்கு வருபவருக்கு முதியவர் காப்பி போட்டுக் கொடுக்க வேண்டாம்

ஜிர் அளவைக் கணிக்க ஒருவர் வீட்டுக்கு வருவார். என் மாமியார் அன்று காலை ஐந்து மணிக்கே எழுப்பச் சொல்லி, தலை வாரி, நல்ல புடவை கட்டிக்கொண்டார். கட்டிவிட்டது நான், நாற்பது நிமிடம் ஆயிற்று. வந்த பெண்மணி, தாமாகக் குளிக்க முடிகிறதா என்று கேட்டதை நான் தமிழில் சொன்னதும் மாமியார், "எல்லாம் நானே செய்துகொள்வேன் என்று சொல்" என்றார். பிறகு நடைச்சட்டத்தைப் பிடித்து எழுந்து, நான் தடுப்பதற்குள் அடுப்படி வரை போய், விருந்தாளிக்குக் காப்பி வேண்டுமா என்று கேட்டார். அன்று மாலை முழுவதும் வலியில் படுத்திருந்தார். எங்களுக்கு வந்த முடிவு ஜிர் 5.

வந்தவர் மீது தவறில்லை. தாம் கண்டதை எழுதினார். நீங்கள் செய்ய வேண்டியது, முந்தைய ஒரு வாரத்துக்கு நாட்குறிப்பு எழுதி வைப்பது: யார் குளிப்பாட்டினார்கள், இரவில் எத்தனை முறை எழுப்பினார்கள், எத்தனை முறை துணி நனைந்தது. முதியவர் முன்னால் இவற்றைச் சொல்ல நாக்கு கூசும். தனி அறையில் ஐந்து நிமிடம் பேச அனுமதி கேட்டு, அந்தத் தாளைக் கொடுத்துவிடுங்கள். செவிலியரும் அந்த நேரத்தில் வந்திருக்கும்படி பார்த்துக்கொண்டால் இன்னும் நல்லது.

8. வெளியேறும் நாளன்று

வெள்ளிக்கிழமை மாலை என்றால், தயக்கமில்லாமல் திங்கட்கிழமைக்கு மாற்றக் கேளுங்கள். காரணத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்: கட்டில் வரவில்லை, செவிலியர் உறுதியாகவில்லை. தரமாட்டோம் என்றால், எந்த மருத்துவர் முடிவெடுத்தார் என்பதைக் கேட்டு எழுதி வையுங்கள்.

ஒன்றில் மட்டும் மிகக் கவனம் வேண்டும். மருத்துவ ஆலோசனைக்கு மாறாக வெளியேறுவதாக ஒரு தாள் உண்டு. நோயாளி வீட்டுக்குப் போக வேண்டும் என்று அடம்பிடித்த அவசரத்தில் சிலர் அதில் கையெழுத்திட்டுவிடுகிறார்கள். அதில் எழுதியிருப்பதைப் படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

கிளம்புமுன் "லெத்ர் தெ லியேசோன்" எனப்படும் தொடர்புக் கடிதம் கையில் இருக்க வேண்டும். என்ன சிகிச்சை நடந்தது, எந்த மருந்து நிறுத்தப்பட்டது, எதைக் கவனிக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். வெளியேறும் நாளன்றே நோயாளியிடம் தருவது விதி. "தபாலில் அனுப்புகிறோம்" என்றால் அங்கேயே உட்காருங்கள். அந்தக் கடிதம் இல்லாமல் நம் குடும்ப மருத்துவர் ஊகத்தில்தான் மருந்து எழுத வேண்டியிருக்கும்.

9. செலவுக் கணக்கு

மருத்துவமனையில் தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நாள்கட்டணம் உண்டு. எங்கள் காலத்தில் அது 20 யூரோ. வெளியேறும் நாளும் அதில் சேரும் என்பதால் பன்னிரண்டு நாட்களுக்கு 240 யூரோ வந்தது. முய்த்துயேல் அதை ஏற்றது. தனி அறைக்கான கட்டணம் வேறு. சேர்க்கும்போது நீட்டும் தாளில் அதற்கும் ஒரு கட்டம் இருக்கும், பார்த்துக் குறியிடுங்கள். வீட்டு உதவியாளர் நிறுவனங்களுக்கு 2024-இல் அரசு வகுத்த அடிப்படைக் கட்டணம் மணிக்கு 23.50 யூரோ. முறையாகப் பதிவு செய்து செலுத்தினால், நீங்களே ஏற்ற தொகையில் பாதி வரிச்சலுகையாகத் திரும்பும். ரொக்கமாகக் கொடுத்து ஆள் வைத்தால் எதுவும் திரும்பாது. அந்த உதவியாளர் வழுக்கி விழுந்தால் பொறுப்பும் உங்களுடையது.

10. புயல் மாதங்களில்

2025 பிப்ரவரி 28 அன்று கரான்ஸ் புயல் வந்தபோது மாமியார் மோட்டார் காற்று மெத்தையில் படுத்திருந்தார். மின்சாரம் போனதும் மெத்தை மெல்ல அமுங்கத் தொடங்கியது. வெளியே யாரும் நடமாடக் கூடாது என்ற எச்சரிக்கை இருந்ததால் செவிலியரும் வர முடியவில்லை. நாங்கள் இரண்டு மணிக்கொருமுறை அவரைப் புரட்டிப் படுக்க வைத்தோம். நவம்பர் முதல் ஏப்ரல் வரையிலான மாதங்களில் வீடு திரும்புபவர்களுக்கு, ஒரு வாரத்துக்கான மருந்தும் கட்டுத்துணியும் தண்ணீரும் கையிருப்பில் இருக்கட்டும். கட்டுப்போடும் முறையைச் செவிலியரிடம் முன்பே கற்றுக்கொள்ளுங்கள். மின்சாரம் போனால் கருவி எப்படி நடந்துகொள்ளும் என்று, அதைக் கொண்டு வருபவரிடம் அன்றே கேளுங்கள். சுவாசக் கருவியை நம்பியிருப்பவர்கள் தம்மை ஆபத்து மிகுந்த நோயாளியாகப் பதிவு செய்யும்படி மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

11. மறுத்தால்

ஆபா முடிவு சரியில்லை என்றால், அறிவிப்பு கிடைத்ததிலிருந்து இரண்டு மாதத்துக்குள் தெபர்த்மான் தலைவருக்கு மறுபரிசீலனைக் கடிதம் எழுத வேண்டும். ஒப்புகைச் சீட்டுடன் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். மருத்துவமனை மீதான குறைக்கு, இயக்குநருக்கு எழுதுங்கள். ஒவ்வொரு மருத்துவமனையிலும் நோயாளிகளுக்கான குழுவும் நடுவர்களும் உண்டு. எழுதுவதற்கு முன் மருத்துவக் கோப்பின் நகலைக் கேட்டு வாங்குங்கள். ஐந்து ஆண்டுக்கு உட்பட்ட கோப்பை எட்டு நாளில் தர வேண்டும்.

நாங்கள் செவிலியரின் குறிப்பையும், கினேயின் ஒரு பக்கக் கடிதத்தையும், ஏழு நாள் நாட்குறிப்பையும் சேர்த்து அனுப்பினோம். இரண்டாம் முறை வேறொருவர் வந்தார். மாமியார் சாதாரணப் புடவையில், கட்டிலில் இருந்தார். காப்பியை நான் போட்டேன். முடிவு ஜிர் 4 என்று வந்தது.